கூட்டணிக்காகக் கொள்கையைத் தளர்த்தினால் கிளைத் தொண்டனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தான்

2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர்ப் பக்கம் தோட்டங்களுக்குள் எல்லைக்கல் நட வந்தபோது, எங்கள் கட்சிக் கிளையினர் விவசாயிகளோடு வரப்பில் நின்றார்கள். பின்னர் உள்ளாட்சித் தேர்தல் வந்ததும், அந்தச் சாலை வந்தே தீர வேண்டும் என்று பேசியவர்களோடு எங்கள் ஒன்றியத்தில் உடன்பாடு ஏற்பட்டது. இடங்களும் கிடைத்தன. ஆனால் அன்று கல்லைப் பிடுங்கி வழக்கு வாங்கிய தம்பி ஒருவன், உறுப்பினர் அட்டையை என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, "இனிமேல் சுவர் எழுத என்னைக் கூப்பிடாதீர்கள் அண்ணா" என்று சொல்லிப் போய்விட்டான். வென்றால்தான் எதையும் செய்ய முடியும் என்ற வாதம் அவனிடம் எடுபடவில்லை. கொள்கைக்காக வந்தவர்களை இழக்காமல் கூட்டணி அரசியல் நடத்த வழி உண்டா?

பதில்: அம்மாபேட்டை பெரியவர்

தம்பி, 1944இல் நம் சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. வெள்ளையர் அரசு தந்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்க வேண்டும் என்று அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்க மனமில்லாதவர்கள் விலகிக்கொண்டார்கள். அதே அண்ணாதான் 1967இல், குலக்கல்வித் திட்டத்துக்காகத் தம் இயக்கம் கடுமையாக எதிர்த்த ராஜாஜியோடு கூட்டணி வைத்தார். தொண்டர்கள் ஏன் கலைந்து போகவில்லை? இந்தித் திணிப்பை அதற்குள் ராஜாஜியும் எதிர்க்கத் தொடங்கியிருந்தார். காங்கிரஸை இறக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். அதற்கும் முன்னால், தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதை 1956இல் திமுகவின் திருச்சி மாநாட்டுக்கு வந்திருந்தவர்களிடமே வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டார்கள். உங்கள் ஒன்றியத்தில் கிளைகளைக் கூட்டிக் கேட்டீர்களா? அந்தப் பையன் கூட்டணிச் செய்தியை நாளிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான் என்றால், அவனுடைய கோபத்தில் பாதி அதற்காகத்தான் இருக்கும்.

பதில்: சேர்வராயன் மலை

ஐயாவின் வார்த்தையை மதிக்கிறேன். ஆனால் மலையில் நிலைமை வேறு. எங்கள் ஊரில் பிரசவ வலி வந்தால், மழைக்காலத்தில் டோலி கட்டித்தான் தார்ச்சாலை வரைக்கும் தூக்கி வந்தோம். கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைச் சாலைக்கு ஒதுக்க 2006 வன உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு வன அலுவலகத்துக்கு விடாமல் நடந்தவர், நாங்கள் மேடையில் வசைபாடிய கட்சியின் கவுன்சிலர். அவரோடு சேர மாட்டோம் என்று நின்றிருந்தால் பாதை வந்திருக்காது. காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களிடம், எங்கள் கட்சி தனியாக வெல்லும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

பதில்: வாழப்பாடி வழக்கறிஞர்

மலைத் தோழர் சொன்ன பாதைக்காக எந்த விவசாயியும் தோட்டத்தை இழக்கவில்லை. எட்டுவழிச் சாலை வந்தால் இழக்கப்போகிறவர்கள் உங்கள் கிளை உறுப்பினர்களே. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க வழிவிட்டது. ஆகவே இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்து உடன்பாடு செய்திருந்தால் அது தவறான கணக்கு. திட்டம் திரும்பி வந்தால் ஒன்றியக் குழுவில் எங்கள் உறுப்பினர்கள் எதிர்த்தே வாக்களிப்பார்கள், அதற்காக உடன்பாட்டை முறித்ததாகக் கூட்டாளிகள் குறை சொல்லக் கூடாது என்று எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். அதைக் கிளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட அவர்கள் மறுத்தால், கிடைத்த இடங்கள் போனாலும் சரி என்று நீங்கள் வெளியே வர வேண்டும். அதற்குத் துணிவு இல்லாமல் அந்தத் தம்பியைத் திரும்ப அழைக்கப் போகாதீர்கள்.