பறவை பார்ப்பதைக் காமன் ஆப்பில் போடலாமா?

நியூஜெர்சி அம்மா:
மகள் பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமை விடிந்ததும் பைனாகுலரோடு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவாள். பார்த்த பறவைகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிகிறாள். கிளப் கிடையாது, பரிசு கிடையாது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில், பாடத்துக்கு வெளியே செய்யும் ஆக்டிவிட்டியாக இதைப் போடலாமா? என் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.

டாலஸ்காரன்:
அவர் சொல்வதுதான் சரிங்க. இருப்பதே 10 இடம். மிருதங்க அரங்கேற்றம், ரோபாட்டிக்ஸ் என்று எழுதுகிற பிள்ளைகளோடு இவள் போட்டி போட வேண்டும். மேற்பார்வைக்கு யாருமே இல்லாத பொழுதுபோக்கை எவர் நம்புவார்?

ஏரிக்கரை:
மேற்பார்வையாளர் வேண்டும் என்று படிவத்தில் எங்கே இருக்கிறது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றுதான் கேட்கிறார்கள். குடும்பப் பொறுப்புக்கும் சம்பள வேலைக்கும்கூடத் தனிப் பிரிவு உண்டு. தலைவர் பட்டம் இருந்தால்தான் செல்லும் என்பது நாமே கட்டிவிட்ட கதை.

டாலஸ்காரன்:
அப்போ நாள் முழுக்க வெப் சீரிஸ் பார்ப்பதையும் எழுதலாமா? எங்காவது ஒரு கோடு போட வேண்டாமா?

ஏரிக்கரை:
கோடு வேண்டும்தான். பார்த்ததோடு முடிந்துபோனால் எழுத ஒன்றுமில்லை. இந்தப் பெண்ணின் ஈபேர்ட் பட்டியல் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் தரவுத்தளத்துக்குப் போகிறது. அந்த இடத்தில், அந்த மாதத்தில் வராத பறவையைப் பதிந்தால் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்பார். நீங்கள் கேட்ட மேற்பார்வை இதுதானே? வெறும் சந்தோஷத்துக்காகச் செய்வது எது என்று எம்ஐடியே தன் விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறது.

டாலஸ்காரன்:
அது கட்டுரைக் கேள்வி. ஆக்டிவிட்டிக்கு அங்கே நாலே இடம். அதில் ஒன்றைப் பறவைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசி) விண்ணப்பத்தில் 20 இடம் இருக்கிறது, அங்கே தாராளமாகப் போடட்டும்.

ஏரிக்கரை:
நான் நாலில் முதல் இடமே கொடுப்பேன். அம்மா, காமன் ஆப்பில் விவரம் எழுத இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துதான். "பறவைகளில் ஆர்வம்" என்று அதை வீணாக்க வேண்டாம். எந்தப் பூங்கா, எத்தனை பட்டியல், மே மாதம் வார்ப்ளர் என்ற சின்னப் பறவைகள் வந்து இறங்கும்போது என்ன கவனித்தாள், இதை எழுதச் சொல்லுங்கள். மணிக்கணக்கை மட்டும் ஏற்றிப் போடாதீர்கள். எல்லாம் உண்மை என்று அவள்தான் கையெழுத்திட வேண்டும்.

நியூஜெர்சி அம்மா:
பட்டியல்கள் தேதி, நேரத்தோடு இருக்கின்றன, கூட்டிப் பார்க்கிறோம். எட்டாவதில் நிறுத்திய பரதத்தைப் போடச் சொல்கிறார் இவர். அதற்குப் பதிலாக இதைப் போடலாம்தானே?

டாலஸ்காரன்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. படிவத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் குறிக்கவே முடியும். பரதத்தை விட்டுவிடுங்கள்.