பிஎச்டி விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை ஏற்கவில்லை, 12 நாள்தான் இருக்கிறது

காவேரிப்பட்டினம் மாணவி:
எம்எஸ்சி தாவரவியல், 53 சதவீதம். சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வில், உயிர் அறிவியலில், உதவித்தொகையோடு வரும் ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை, ‘பிஎச்டி மட்டும்’ பிரிவில் தேர்ச்சி. ஒரு மத்திய நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, எம்பிசி சான்றிதழை ஏற்றினேன். செல்லாது, 12 நாளுக்குள் மாற்றுங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பள்ளியிலிருந்து இதே சான்றிதழைத்தான் கொடுத்து வருகிறேன். பேசாமல் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடலாமா?

பென்னாகரத்தான்:
மாற்றிவிடாதீர்கள் தங்கச்சி. பொதுப் பிரிவுக்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். ஓபிசி என்றால் 50 போதும். மாற்றினால் உங்கள் 53 அங்கேயே அடிபட்டுவிடும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் விடாதீர்கள், அந்த நெட் தேர்ச்சி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

எம்பிசி என்பது நம் மாநிலப் பிரிவு. மத்திய நிறுவனங்கள் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓபிசி சான்றிதழ், கிரீமி லேயரில் (பெற்றோரின் ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டுவது போன்ற வசதியான பிரிவில்) இல்லை என்ற வரியோடு. முதலில் மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பியுங்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர் பார்த்துத் தாசில்தாருக்குப் போகும். ஒப்புகைச் சீட்டை அன்றே அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

காவேரிப்பட்டினம் மாணவி:
பட்டியலில் இருக்கிறது அண்ணா. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. மகசூல் நன்றாக இருக்கும் வருடத்தில் கையில் கொஞ்சம் பணம் வரும். அதை 8 லட்சத்தில் சேர்ப்பார்களா?

பென்னாகரத்தான்:
விவசாய வருமானம் அந்த 8 லட்சக் கணக்கில் வராது. நிலத்தின் அளவுக்குத் தனி வரம்பு உண்டு, மூன்று ஏக்கரெல்லாம் அதன் பக்கத்தில்கூட வராது. அலுவலகத்தில் யாராவது தோப்பு வருமானத்தைச் சேர்த்துச் சொன்னால், விதி இதுதான் என்று நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஓசூர் அக்கா:
சான்றிதழ் வரட்டும், அதுவரை சும்மா இருக்காதே. உன் ‘பிஎச்டி மட்டும்’ பிரிவுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்முகத் தேர்வு 30 சதவீதம். எம்எஸ்சியில் என்ன ப்ராஜெக்ட் செய்தாய்?

காவேரிப்பட்டினம் மாணவி:
மாவில் ஆந்த்ராக்னோஸ் நோய், அக்கா. எங்கள் தோப்பு இலையிலிருந்தே பூஞ்சையைப் பிரித்தெடுத்து, ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசை பார்த்து, கொல்லெட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸ் என்று எழுதினேன்.

ஓசூர் அக்கா:
சரி, அங்கேதான் பிடிப்பார்கள். அந்தப் பெயரில் நெருங்கிய இனங்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன. ஐடிஎஸ் ஒன்றை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. ஜிஏபிடிஎச் போன்ற வேறு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். நீயே அதை முந்திச் சொல்லி, அடுத்து அதைத்தான் செய்ய விரும்புகிறேன் என்று பேசு. ஆய்வுத் திட்டத்துக்கு வேறு தலைப்பே தேட வேண்டாம். அப்புறம், பிரித்தெடுத்த பூஞ்சையை நல்ல இலையில் ஏற்றி நோய் வருகிறதா என்று பார்த்தாயா? அதையும் கட்டாயம் கேட்பார்கள்.

காவேரிப்பட்டினம் மாணவி:
பார்த்தேன் அக்கா, ஐந்தாம் நாள் கரும்புள்ளி வந்தது. படம்கூட இருக்கிறது.

காவேரிப்பட்டினம் மாணவி:
ஒன்பதாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. ஏற்றினேன், ஏற்றுக்கொண்டார்கள். நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஜிஏபிடிஎச் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.