எல்லாம் இணைத்தாயிற்று, ஆனாலும் திரையில் 'சிக்னல் இல்லை': உங்களுக்கு நடந்தது என்ன?

இருட்டறை

வீட்டில் ஹோம் தியேட்டர் அமைத்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

புரொஜெக்டர் கூரையில். பிளேயரிலிருந்து வாங்கி ஒலியை ஸ்பீக்கருக்கும் படத்தை புரொஜெக்டருக்கும் அனுப்பும் ரிசீவர் முன்சுவர் அலமாரியில். நடுவே 15 மீட்டர் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள், சுவருக்குள் பைப் வழியாக. பூச்சு முடிந்து பெயின்ட்டும் அடித்தாயிற்று. முதல் நாள் வீடே கூடி உட்கார்ந்திருக்கிறது. விளக்கை அணைத்துப் போட்டால் நீலத் திரை, நடுவில் 'சிக்னல் இல்லை'. ரிசீவரை அணைத்துப் போட்டேன், பிளேயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் புரொஜெக்டரைக் கீழே இறக்கி 2 மீட்டர் சாதாரண கேபிளில் இணைத்தேன். பளிச்சென்று படம் வந்தது. அப்படியானால் சுவருக்குள் இருக்கும் கேபிள்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதை இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியனை போனில் பிடித்துக் கத்தினேன். இழுக்கும்போது மடக்கி உடைத்துவிட்டீர்கள் என்றேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "வந்து பார்க்கிறேன் சார்" என்றார், அவ்வளவுதான்.

வந்தார். ஏணியில் ஏறி கூரைப் பக்கத்து முனையில் டார்ச் அடித்தார். கறுப்பு உறையில் கறுப்பாகவே பொறித்த எழுத்து, சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. 'சோர்ஸ்' என்று இருந்தது, அதாவது படத்தை அனுப்பும் கருவியில் செருக வேண்டிய முனை. புரொஜெக்டர் பக்கம் வரவேண்டியது 'டிஸ்ப்ளே' முனை. ஆப்டிகல் கேபிளில் ஒரு முனை மின் சிக்னலை ஒளியாக்கும், மறுமுனை அந்த ஒளியைத் திரும்ப மின் சிக்னலாக்கும். தலைகீழாகப் போட்டால் எதுவும் போய்ச் சேராது. அன்று பைப்பில் விடுவதற்கு எந்த முனையை அவர் கையில் கொடுத்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கொடுத்தது நான்தான்.

பைப் இருந்ததால் முனையில் நூல் கட்டி வெளியே இழுத்து, திருப்பி விட்டோம். முக்கால் மணி நேர வேலை. படம் வந்துவிட்டது. ஆனால் அவர் டார்ச்சை அணைத்துவிட்டு ஏணியிலிருந்து என்னைக் குனிந்து பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

நீலத்திரை

என் கதை சின்னது. 4கே படம் வருகிறது, ஆனால் வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் எச்டிஆர் வரவில்லை. நிறங்கள் வெளிறிக் கிடந்தன. கேபிள்தான் காரணம் என்று ஒன்று மாற்றினேன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. எட்டு நாள் போயிற்று.

ஒன்பதாம் நாள் ரிசீவரின் மெனுவில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு எச்டிஎம்ஐ இன்புட்டுக்கும் தனித்தனியாக சிக்னல் ஃபார்மேட்: 'ஸ்டாண்டர்ட்', 'என்ஹான்ஸ்டு'. எல்லாமே ஸ்டாண்டர்டில் இருந்தன. பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் அப்படியே. மாற்றினேன். திரை இரண்டு நொடி கறுத்தது. திரும்பி வந்தபோது அந்தக் காட்சியில் ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சுடரை அதற்கு முன் நான் பார்க்கவே இல்லை, வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் அதை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏழாம் மீட்டர்

நீலத்திரை, தவறாக நினைக்க வேண்டாம், அந்த மூன்று கேபிள்களும் வீண். கேபிள் குறைபாட்டுக்கு அறிகுறியே வேறு. படத்தில் வெள்ளைப் பொறிகள் மின்னும், திரை விட்டுவிட்டுக் கறுக்கும், அல்லது படமே வராது. நிறம் வெளிறுவது கேபிளின் வேலை இல்லை. டிஜிட்டல் சிக்னல் அப்படித் தேயாது.

இருட்டறை சொன்ன சின்னக் கேபிள் சோதனையிலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்தச் சோதனை கோளாறு வழியில் இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். உடைந்ததா, திரும்பியிருக்கிறதா, மின்சாரம் போதவில்லையா என்று சொல்லாது. அதை வைத்து ஒரு மனிதரைக் குற்றம் சொல்வது அவசரம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இது தெரியாமல் இருக்கிறது. எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1080பி, அதாவது ஃபுல் எச்டி படம், நொடிக்கு 60 ஃபிரேம் என்று போக நொடிக்கு 4.46 ஜிகாபிட் தகவல் போதும். அதே 60 ஃபிரேமில் 4கே, நிறத் தகவலைக் குறைக்காமல் (4:4:4), நிற நுணுக்கம் 8 பிட் என்றால் 17.82 ஜிகாபிட். ஏறத்தாழ நான்கு மடங்கு. பத்து வருடமாக ஒழுங்காக ஓடிய கேபிள் புது புரொஜெக்டர் வந்த அன்று தடுமாறுவது இதனால்தான். கேபிள் கெட்டுப்போகவில்லை, அதன் மேல் ஏற்றிய பாரம்தான் கூடிவிட்டது. 2013-ல் வந்த எச்டிஎம்ஐ 2.0-வின் உச்சமே 18 ஜிகாபிட். அதற்கு முந்தைய 1.4-க்கு 10.2. சாதாரண செம்புக் கேபிளில் 18 ஜிகாபிட்டை நம்பி அனுப்ப வேண்டுமென்றால் 5 மீட்டரைத் தாண்டினாலே கவனம் வேண்டும். நல்ல கேபிளில் 7 வரை எனக்குப் போயிருக்கிறது. அதற்கு மேல் ஆப்டிகல்தான் நிம்மதி.

கோளாறு பாரத்தில்தானா என்று ஏணி ஏறாமலே கண்டுபிடிக்கலாம். பிளேயரில் 60 ஃபிரேமை 24 ஆக்குங்கள், நிறத் தகவலைக் குறைத்து 4:2:2 ஆக்குங்கள். 4கே, 24 ஃபிரேம், 4:2:2 என்றால் 12 பிட்டிலும் 8.91 ஜிகாபிட்தான். அதில் ஒழுங்காக ஓடி, 60-க்குப் போனதும் பொறி பறந்தால் கேபிள்தான். 8.91-லும் படம் இல்லையென்றால் கேபிளின் திறனைத் திட்டுவதை விட்டுவிட்டு, கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பாருங்கள். புரொஜெக்டர் தன்னால் எதெல்லாம் முடியும் என்று இடிஐடி என்னும் சிறு குறிப்பை அனுப்பும். பிளேயர் அதைப் படித்துத்தான் எந்த வடிவத்தில் படம் அனுப்புவது என்று முடிவு செய்யும். நீலத்திரைக்கு நடந்தது இதுதான். ஸ்டாண்டர்டில் இருந்த ரிசீவர் பிளேயரிடம் "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அணைத்து, மின்சாரத்தையே துண்டித்து ஒரு நிமிடம் கழித்து, முதலில் புரொஜெக்டர், அடுத்து ரிசீவர், கடைசியில் பிளேயர் என்று போட்டுப் பாருங்கள். கருவிகள் இணையும்போது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கைகுலுக்கல்' தவறிய கோளாறுகளில் பல அதிலேயே தீர்ந்துவிடும்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 10 மீட்டர் செம்புக் கேபிளைச் சுவரில் பைப் இல்லாமல் புதைத்துப் பூசினேன். அது இன்னும் சுவருக்குள் இருக்கிறது. படம் இப்போது தரையோரம் ஓடும் வேறு கேபிளில் வருகிறது. பைப் போடுங்கள்.

மூன்றாம் வரிசை

பேசாத கருவிகள் என்றதும் என்னுடையது ஞாபகம் வந்தது.

புது 4கே பிளேயர், புது புரொஜெக்டர், நடுவே பழைய ரிசீவர். அதுவும் 4கே கடத்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. மகளின் பிறந்தநாள் வீடியோவை யுஎஸ்பியில் வைத்துப் போட்டேன். மெழுகுவத்தியை ஊதும் முகம் சுவர் அளவுக்கு, 4கே தரத்தில், அவ்வளவு தெளிவு. உடனே 4கே டிஸ்க்கைப் போட்டேன். கறுப்பு. சத்தம் மட்டும் வருகிறது. மறுபடி வீடியோ, தெளிவாக இருக்கிறது. மறுபடி டிஸ்க், கறுப்பு. மகள் பக்கத்தில் நின்று, "நான் மட்டும் வருகிறேன், படம் ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் புரிந்தது. பிறந்தநாள் வீடியோவுக்குப் பூட்டு இல்லை. டிஸ்க்குக்கு உண்டு. 4கே படங்களைத் திறக்க எச்டிசிபி 2.2 என்னும் பாதுகாப்பு முறை பிளேயர் முதல் புரொஜெக்டர் வரை எல்லாக் கருவியிலும் வேண்டும். நடுவில் ஒரே ஒரு கருவிக்கு அது தெரியாவிட்டாலும் பூட்டு திறக்காது. சில பிளேயர்கள் 1080பிக்கு இறங்கிவிடும், என்னுடையது கறுப்பாக நின்றது. ரிசீவர்கள் 4கே கடத்தத் தொடங்கிய முதல் சில வருடங்களில் வந்த பலவற்றில் 2.2 இல்லை. 4கே போகும், ஆனால் 4கே படம் போகாது. அட்டையில் முதல் பாதியைத்தான் போட்டிருந்தார்கள்.

என் பிளேயரில் நல்லவேளையாக இரண்டு எச்டிஎம்ஐ அவுட்புட். ஒன்றை நேராக புரொஜெக்டருக்கும், மற்றொன்றை ஒலிக்கு மட்டும் ரிசீவருக்கும் கொடுத்தேன். பழைய ரிசீவர் இன்றும் ஓடுகிறது. ஏழாம் மீட்டர் சொல்லும் வரிசையில் அணைத்துப் போடுவதை நானும் இருபது முறை செய்தேன். கதவுக்குச் சாவியே இல்லாதபோது எத்தனை முறை தட்டினாலும் திறக்காது.

பழைய ரீல்

நீங்கள் எல்லோரும் எச்டிஎம்ஐ பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய கம்போனன்ட் காலம். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கேபிள்.

தாத்தாவுக்காக அவர் இளமையில் கொட்டகையில் பார்த்த ஒரு படத்தைப் போட்டேன். வண்ணப் படம். போட்டுவிட்டு வேலையாகக் கிளம்பிவிட்டேன். இரண்டரை மணி நேரம் கழித்து வந்தால் திரையில் கறுப்பு வெள்ளை. பின்னால் போய்ப் பார்த்தேன். நீலமும் சிவப்பும் கழன்று தொங்குகின்றன, யாரோ காலில் இடறியிருக்கிறார்கள். பச்சை மட்டும் இருந்தது. வெளிச்சம் அந்தப் பச்சைக் கேபிளில்தான் வரும், நிற வித்தியாசம் மற்ற இரண்டில். அதனால் படம் நிற்காமல் நிறம் மட்டும் போய்விட்டது.

தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்படியா? அந்தக் காலத்துப் படம் இப்படித்தானே இருக்கும்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன, படத்தின் முடிவால். மறுநாள் வண்ணத்தில் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

கதவோரம்

நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. இங்கேயாவது நம்புங்கள்.

படம் ஓடும்போது எப்போதாவது திரை கறுத்து, இரண்டு மூன்று நொடியில் திரும்பி வரும். நேரம் காலம் கிடையாது. கேபிளை அசைத்துப் பார்த்தாயிற்று, ஏழாம் மீட்டர் சொன்ன 24 ஃபிரேம் சோதனையையும் செய்தாயிற்று. 24-லும் கறுக்கும். அதனால் 'பாரம் குறைந்தும் கோளாறு இருந்தால் கேபிள் இல்லை' என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கடைசியில் எனக்குக் கேபிள்தான் காரணம்.

ஒரு நாள் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தார். கறுத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். கறுத்தது. "அம்மா, இன்னொரு தடவை எழுந்திருங்கள்" என்றேன். எழுந்தார். கறுத்தது. அவர் பயந்துபோய் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டார், தன்னால் ஏதோ கெட்டுவிட்டது என்று.

அவர் உட்கார்ந்திருந்தது ஆபீஸ் நாற்காலி, அடியில் சக்கரமும் உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரும் உள்ள வகை. அந்த வகை நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் பொறியாகத் தெறித்து, அதன் மின் இரைச்சல் பக்கத்தில் இருக்கும் கேபிளுக்குள் போய்விடும். என் கேபிளின் கவசம் மோசம், ஓடியது சரியாக அந்த நாற்காலிக்கு அடியில். கவசம் நன்றாக உள்ள, சான்றிதழ் ஸ்டிக்கர் ஒட்டிய கேபிளை வாங்கி, மின்சார வயரோடு ஒட்டாமல் வேறு சுவரோரம் கொண்டுபோனேன். அதன் பிறகு ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. ஆனால் அம்மா இன்றும் படம் நடுவே எழுவதற்கு முன் என்னை ஒருமுறை பார்க்கிறார்.

ஏழாம் மீட்டர்

கதவோரம் சொல்வது சரி. நான் கேபிளின் திறனைத்தான் சொன்னேன், வெளியிலிருந்து வரும் இரைச்சலைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆப்டிகலாக இருந்தால் படம் செல்லும் வழி ஒளி என்பதால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். ஆனால் பல ஆப்டிகல் கேபிள்களிலும் கருவிகள் பேசிக்கொள்ளும் மெல்லிய கம்பிகள் செம்பில்தான் இருக்கும், அதனால் முழு விடுதலை இல்லை.

இரவுக்காட்சி

என்னுடையது இன்னும் தீரவில்லை. ஆப்டிகல், 12 மீட்டர், முனைகளைச் சரிபார்த்தேன், திசை சரிதான். 50 நிமிடம் அருமையாக ஓடும். அப்புறம் பொறி பறக்கும், பிறகு போய்விடும். அணைத்து அரை மணி நேரம் விட்டால் மறுபடி 50 நிமிடம். எந்தப் படமாக இருந்தாலும் இடைவேளைக்கு முன்னால் போய்விடுகிறது. புரொஜெக்டர் பின்சுவர் அலமாரியில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கிறது.

இருட்டறை

இரவுக்காட்சி, போகும் நேரத்தில் புரொஜெக்டர் பக்கத்து கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தலைக்குள் சிறு சிப் இருக்கிறது, அதற்குச் சூடு ஆகாது. அலமாரியில் சூடான காற்று வெளியேற வழி இருக்கிறதா?

ஏழாம் மீட்டர், நீங்கள் அவசரம் என்று சொன்னது சரி. இதை எழுதிய பிறகு அந்த எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தேன். அன்று படம் வந்த சந்தோஷத்தில் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேனே தவிர, தவறு என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்று சொன்னேன். அவருக்கு அந்த வீடே ஞாபகம் இல்லை. 'சோர்ஸ்' என்ற எழுத்தைச் சொன்னதும், "ஆமாம் சார், அதிலிருந்து இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எழுதிவிட்டுத்தான் இழுக்கிறேன்" என்றார்.

இரவுக்காட்சி

தொட்டேன். விரலை வைத்திருக்க முடியாத சூடு. காற்று சுவரில் மோதி கனெக்டர் மேலேயே திரும்பி வருகிறது. அலமாரியின் பின்பலகையைக் கழற்றி, புரொஜெக்டரை ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். இப்போது 1 மணி 10 நிமிடம் ஆகிறது, படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.