ஆர்கேட் பெட்டியை ஸ்டீரியோவில் இணைத்தால் உறுமல், தொட்டால் ஷாக்

காரைக்குடித் தம்பி:
மூடிப்போன வீடியோ கேம் கடையிலிருந்து பழைய ஆர்கேட் பெட்டி ஒன்று வாங்கிப் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) வைத்திருக்கிறேன், பிக்சர் டியூப் உள்ளது, உள்ளே ஜாம்மா (ஆர்கேட் பெட்டிகளுக்கான பொது வயரிங் முறை) போர்டு. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதால் அந்த இரண்டு வயரையும் ஆர்சிஏ பின்னில் பற்றவைத்து, முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய ஸ்டீரியோவின் ஆக்ஸில் (வெளிச் சத்தம் வாங்கும் துளையில்) சொருகினேன். சத்தம் கரகரவென்று உடைகிறது, அதற்கு மேல் 'உம்ம்' என்று ஓயாத உறுமல். நேற்று ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று கன்ட்ரோல் தகட்டைத் தொட்டேன், சுருக்கென்று இழுத்தது. ஆர்கேட் பெட்டி, ஸ்டீரியோ இரண்டின் தகடுகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் 104 வோல்ட் ஏசி! பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, பிடுங்கினால் உறுமல் நிற்கும் என்கிறார்கள், செய்யலாமா? வீட்டில் ஆச்சியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தேவகோட்டை வயர்மேன்:
தம்பி, அந்தப் பின்னில் கை வைக்காதீர்கள். உங்கள் அளவைப் பார்த்தால் இப்போதே அங்கே எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் (பெட்டியின் பவர் சப்ளை) உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தகட்டைத் தொங்கவிடும், எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி தகட்டில் நிற்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கட்டை வயரிங்மேல் (மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங்) புதுப் பிளக் பாயின்ட் போட்டிருப்பார்கள், மூன்று ஓட்டை தெரியும், பின்னால் எர்த் வயர் வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துக் குழியிலிருந்து எர்த் இழுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். அதுவரை பெட்டியின் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.

புதுக்கோட்டை ஆம்ப்ளிஃபயர்:
வயர்மேன் அண்ணன் சொன்னதை முதலில் முடியுங்கள். கரகரப்பு வேறு விஷயம். ஜாம்மாவில் 10, எல் பின்களில் வருவது ஸ்பீக்கருக்கான பெருக்கிய சத்தம், ஆக்ஸுக்கு அது மிக அதிகம். இன்னொன்று, சில போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் கிரவுண்டே (0 வோல்ட்) அல்ல. போர்டு ஓடும்போது இரண்டு ஸ்பீக்கர் வயரையும் தனித்தனியாகக் கிரவுண்டோடு டிசியில் அளந்து பாருங்கள். இரண்டிலும் 6 வோல்ட் போலக் காட்டினால் அது பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயர் (இரண்டு வயரிலும் சத்தம் வரும் வகை), மைனஸை ஸ்டீரியோ கிரவுண்டில் சேர்த்தால் ஐசி (போர்டின் ஆம்ப்ளிஃபயர் சில்லு) போய்விடலாம். 1 கிலோ ஓம், 100 ஓம் ரெசிஸ்டர்களால் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்து, 600-க்கு 600 ஓம் ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கொடுங்கள். ஒலி மோனோதான், இடது வலது இரண்டுக்கும் அதையே கொடுக்கலாம்.

காரைக்குடித் தம்பி:
எர்த் வந்துவிட்டது அண்ணே, பெட்டித் தகட்டில் இப்போது ஷாக் இல்லை. இரண்டு வயரிலும் 5.8 காட்டியது, நல்லவேளை ஐசி இன்னும் பிழைத்திருக்கிறது! ட்ரான்ஸ்ஃபார்மர் இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் ஆக்ஸ் வயரைக் கழற்றிவிட்டேன், ஆனால் ஸ்டீரியோவைத் தனியாக ஓட்டினாலும் மெல்லிய உறுமல் கேட்கிறதே?

புதுக்கோட்டை ஆம்ப்ளிஃபயர்:
டிவியும் செட்டாப் பெட்டியும் அதே ஸ்டீரியோவில் இருக்கின்றனவா? கேபிள் டிவி வயரின் திருகை அவிழ்த்துப் பாருங்கள். அந்த வயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை தெருக் கம்பம் வரை போய் எங்கோ வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும், அந்தச் சுற்றில் ஓடும் மின்சாரம்தான் உறுமலாகக் கேட்கும்.

காரைக்குடித் தம்பி:
அவிழ்த்ததும் நின்றுவிட்டது! கேபிள்காரரிடம் ஐசோலேட்டர் (அந்த எர்த் தொடர்பை மட்டும் பிரிக்கும் சின்னப் பொருள்) கேட்டிருக்கிறேன்.

தேவகோட்டை வயர்மேன்:
நல்லது. பின்கதவைத் திறக்கும்போது டியூப் பக்கம் கை போகவேண்டாம், பிளக்கை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.