பெத்தயாவெசி பழைய மரச் சர்ச்: புதுசு கட்டியும் இதை ஏன் இடிக்கவில்லை?

பொன்னி: பின்லாந்தின் பெத்தயாவெசி கிராமத்தில் 1763-65இல் கட்டிய லூத்தரன் (புராட்டஸ்டண்ட் பிரிவு) மரச் சர்ச்சின் படங்களைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே கிடக்கிறது. 1879இல் சபைக்குப் புதுச் சர்ச் வந்துவிட்டதாம். அப்புறமும் பழையது எப்படித் தப்பியது? நீள்மண்டபமாக இல்லாமல் சிலுவை வடிவில் ஏன் கட்டினார்கள்?

தச்சன்மகன்: வடிவத்துக்கு முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். பைன் தடிகளைப் படுக்கைவாக்கில் அடுக்கி, மூலைகளில் வெட்டுப்போட்டுக் கோத்த சுவர்கள் அவை. ஒரு தடியின் நீளத்துக்கு மேல் சுவரை நீட்டினால் ஒட்டுப்போட்ட இடம் பலவீனம். நான்கு கைகளும் சம நீளமான சிலுவையாக்கினால் தடி குட்டையாக இருந்தாலும் இடம் விரியும். பன்னிரண்டு மூலைகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். நடுவில் எண்கோணக் கூரைமாடம். நடுவிலிருந்து நாலாபுறமும் சமமாக விரியும் ஐரோப்பியக் கட்டடக்கலை அமைப்பு, கோடரி பிடித்த கை வழியாகக் கிராமத்துக்கு வந்திருக்கிறது. கட்டியவர் யாக்கோ க்ளெமெடின்பொய்க்கா லெப்பானென். மணிக்கூண்டை 1821இல் சேர்த்தவர் அவருடைய பேரன் எர்க்கி. தாத்தா வேலையில் பேரன் கைவைத்தும் உறுத்தாமல் நிற்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய மரியாதை!

உள்ளே சுவருக்கு வண்ணப்பூச்சே கிடையாது. மரம் தானாகப் பழுத்த நிறம். பிரசங்க மேடையைத் தாங்குவது செதுக்கிய புனித கிறிஸ்டோபர் உருவம்; படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பொன்னி: பார்த்தேன், கண்ணெடுக்க முடியவில்லை. சரி, இடிக்காமல் விட்டது?

ஏரிக்கரை: பக்கத்துக் கல்லறைத் தோட்டமும் மணிக்கூண்டும் புழக்கத்தில் இருந்துகொண்டே இருந்தன, அதனால் அந்த இடம் கைவிடப்படவில்லை. வழிபாடு நின்றதால் சர்ச்சைப் புதுப்பிக்கவும் யாரும் கிளம்பவில்லை. என் பார்வையில் அந்தப் புறக்கணிப்புதான் காப்பாற்றியது. புழக்கத்தில் இருந்திருந்தால் அடுப்பு, புது ஜன்னல், வண்ணம் என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கும். 1920களில் ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் யோசெப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி இதன் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு பழுதுபார்த்தார்கள். 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தச்சன்மகன்: புறக்கணிப்பு மட்டும் போதாது. கூரை ஒழுகினால் மரம் சில வருடங்களிலேயே மக்கிவிடும். யாரோ கூரையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரை: ஒப்புக்கொள்கிறேன். பொன்னி, போவதாக இருந்தால் கோடையில் போங்கள். இன்றும் உள்ளே கணப்பு கிடையாது, வழிபாடும் கல்யாணமும் கோடையில்தான்.