டாம் ஜோன்ஸின் ‘சரவுண்டட் பை டைம்’: வயசுக்குப் போட்ட மதிப்பெண்ணா?

பாட்டுப்பித்தன்:

வேல்ஸ் பாடகர் டாம் ஜோன்ஸ் என்றால் எனக்கு ‘டிலைலா’ பாட்டுதான். பின்னணிக் கருவிகள் எவ்வளவு முழங்கினாலும் அவற்றுக்கு மேலே ஏறி நிற்கிற அந்த 1968 குரல். அதே நினைப்போடு 2021இல் வந்த ‘சரவுண்டட் பை டைம்’ ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டே பிரார்த்தனை மாதிரி மெதுவாக நகர்கிறது. நடுவில் ஒன்றில் பாடவே இல்லை, பேசிக்கொண்டு போகிறார். கடைசிப் பாட்டு ஒன்பது நிமிடம் இழுக்கிறது. விமர்சகர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள், பிரிட்டனில் முதலிடத்துக்கும் போயிருக்கிறது. எனக்கு ஒரே சந்தேகம்தான். பாடியவருக்கு 80 வயசு என்பதற்காகப் போட்ட கருணை மதிப்பெண்ணா இது? வயசைச் சொல்லாமல் கொடுத்திருந்தால் இந்தப் பாராட்டு கிடைத்திருக்குமா? முழுசாகக் கேட்டவர்கள் சொல்லுங்கள்.

ரசிகன் 65:

நான் உங்கள் கட்சி. ‘இட்ஸ் நாட் அன்யூஷுவல்’ பாடியவரிடம் போய் தியான இசையைக் கேட்க வேண்டுமா? சிந்தசைசர் இரைச்சலை இவ்வளவு பரப்பி வைத்தால் குரல் எப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

நள்ளிரவு வானொலி:

பாதியில் நிறுத்தியவர்கள் பத்தாவது, பதினோராவது பாட்டு வரைக்கும் வந்திருக்க மாட்டார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

‘ஐ’ம் க்ரோயிங் ஓல்ட்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பாபி கோல். டாம் முப்பதுகளின் தொடக்கத்தில், லாஸ் வேகஸில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், இதை அவரிடம் கொடுத்திருக்கிறார். ‘இதைப் பாடுகிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை’ என்று டாம் எடுத்து வைத்துக்கொண்டார். பாடியது கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து. அப்படிக் காத்திருந்து பாடியதை வயசு தெரியாமல் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றால் எப்படி? இந்த ஆல்பத்தில் வயசு என்பது மறைத்து வைக்கிற சங்கதி இல்லை, சரக்கே அதுதான்.

சரி, வெறும் குரலை மட்டும் பார்ப்போம். 1965இல் ‘தண்டர்பால்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படப் பாட்டின் கடைசி சுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து நிறுத்தி, முடித்துக் கண்ணைத் திறந்தபோது அறையே சுற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மூச்சு இப்போது இல்லை. 80 வயசில் யாருக்கும் இருக்காது. ஆனால் ஒரு சுரத்தை மூச்சு உள்ளவரை நீட்டுவது ஒரு திறமை, வரியின் முடிவைச் சட்டென்று விட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி சும்மா இருப்பது இன்னொரு திறமை. இளமையில் அவரிடம் முதலாவது ஏராளம், இரண்டாவது ரொம்பக் குறைவு. அந்தக் காலத்தில் சோகப் பாட்டைக்கூட ஜெயித்துக் காட்டுகிற மாதிரிதான் பாடுவார். ‘ஐ’ம் க்ரோயிங் ஓல்ட்’டை ஹெட்போனில் கேளுங்கள். கீழ் ஸ்தாயியில், பேச்சுக்குப் பக்கத்தில், அவசரமே இல்லாமல் போகிறார். கொஞ்சம் கரகரப்பு வந்திருக்கிறது, அதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. சுருதி மட்டும் இம்மியும் நகரவில்லை. கருணை மதிப்பெண்ணுக்கு அவசியமே இல்லாத இடம் இது.

முதல் பாட்டு, நீங்கள் பிரார்த்தனை என்றது, பெர்னிஸ் ஜான்சன் ரீகன் எழுதியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட மேடைகளில் பாடியவர் அவர். டாம் அதைத் தொடக்கத்தில் வைத்ததற்குக் காரணம் அவருடைய மனைவி லிண்டா. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது 1957இல், வேல்ஸில், பதினாறு வயசில். 2016இல் அவர் புற்றுநோயில் இறந்தார். இனிமேல் பாட முடியுமா என்றே தெரியாமல் இருந்த மனுஷன், நீ விழுந்தால் நான் உன்னோடு சேர்ந்து நொறுங்கிவிட மாட்டேன் என்கிற பாட்டோடு ஆரம்பிக்கிறார். பின்கதை தெரிந்ததால்தான் பிடிக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டுமே.

பேச்சுப் பாட்டு டாட் ஸ்னைடர் எழுதியது. தொலைக்காட்சி வந்த நாளிலிருந்து ரியாலிட்டி ஷோ நடத்தியவர் ஜனாதிபதி ஆனது வரைக்கும் ஒரு குட்டிச் சரித்திரம். இதில் ஒரு குறும்பு உண்டு. அறுபதுகளின் கடைசியில் தன் பெயரிலேயே டிவி நிகழ்ச்சி நடத்தியவர், பிற்காலத்தில் டிவி பாட்டுப் போட்டியில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் டாம், அவரே டிவியை நக்கல் செய்கிறார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சொல்லும் தொனி அது, பாடியிருந்தால் கெட்டிருக்கும்.

குறையும் உண்டு. ‘தி விண்ட்மில்ஸ் ஆஃப் யுவர் மைண்ட்’ எல்லாரும் பாடித் தேய்த்த பாட்டு, இவர் பாடியும் எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சில இடங்களில் தயாரிப்பாளர் ஈதன் ஜான்ஸ் கருவிகளோடு விளையாடுவதை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் கடைசியில் வரும் டெர்ரி கேலியரின் ‘லாஸரஸ் மேன்’ ஒன்பது நிமிடமும் எனக்கு வேண்டும். செத்து எழுந்தவன் கதை சொல்கிறான், மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவானா?

பழைய தட்டு:

முதலிடம் பற்றி ஒரு விவரம். புதிதாகப் பதிவு செய்த ஆல்பத்தோடு பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆண்களில் அதுவரை மிக மூத்தவர் என்பதுதான் 2021இல் டாம் செய்த சாதனை. அதற்கு முந்தைய வருஷம் 79 வயசில் பாப் டிலன் வைத்திருந்த இடம் அது. பெண்களையும் பழைய பாட்டுத் தொகுப்புகளையும் சேர்த்தால் பிரிட்டிஷ் பாடகி வெரா லின்தான் முதல், 2009இல் 92 வயசு. இதில் வேடிக்கை, டாமின் ‘புது’ ஆல்பத்தில் கிட்டத்தட்ட எல்லாமே மற்றவர்கள் எழுதியவை, டிலனுடைய பாட்டு ஒன்றும் உண்டு.

இன்னொன்று. இந்தப் பாணி 2021இல் திடீரென்று வந்ததில்லை. இதே ஈதன் ஜான்ஸோடு 2010இல் ‘ப்ரெய்ஸ் அண்ட் ப்ளேம்’ செய்தார், கோஸ்பல் என்கிற தேவாலயப் பாட்டும் ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டும். அப்போது இசை நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவர் இதென்ன கேலிக்கூத்து என்று எழுதிய மின்னஞ்சல் வெளியே கசிந்து பெரிய செய்தியானது. அந்த ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ‘டிலைலா’விலிருந்து நேராக 2021க்குத் தாவினால் யாருக்கும் தலை சுற்றும். நடுவில் அதைக் கேளுங்கள். சிந்தசைசர் தொல்லை கிடையாது, கிட்டார், டிரம்ஸ், குரல், பெரும்பாலும் அவ்வளவுதான். ரசிகன் 65 சாருக்கு அதுதான் சரிப்படும். எனக்கும் இதைவிட அதுதான் ஒரு படி மேல்.

பாட்டுப்பித்தன்:

‘ஐ’ம் க்ரோயிங் ஓல்ட்’ மட்டும் திரும்பக் கேட்டேன். அந்த ஒரு பாட்டுக்கு என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இவ்வளவு தணிந்து பாட இவருக்குத் தெரியும் என்று ‘டிலைலா’வை வைத்து யாராலும் ஊகிக்க முடியாது. ஆனால் ஆல்பம் முழுக்க இந்தத் தரத்தில் இல்லை, பாதிப் பாட்டுகளுக்கு வயசுதான் மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்பதில் மாற்றமில்லை. அந்த ஒன்பது நிமிடம் எனக்கு ஒத்துவராது, அதை விட்டுவிடுங்கள். ‘ப்ரெய்ஸ் அண்ட் ப்ளேம்’ அடுத்து கேட்கிறேன்.

நள்ளிரவு வானொலி:

கேளுங்கள், முதல் பாட்டே டிலன் எழுதியதுதான். அப்புறம் ‘லாஸரஸ் மேன்’ பற்றி வேறு இழை தொடங்குகிறேன், அங்கே வந்து சண்டை போடுங்கள்.