நிறுவனம் தந்த வீல்களிலேயே பெர்ஃபார்மன்ஸ் டயர் மாற்றியவர்களின் அனுபவப் பகிர்வு

மலைப்பாதை எழுதியது:

என் செடானுடன் நிறுவனம் தந்த ஸ்டாக் வீல்கள் 16 அங்குல விட்டமும் ஆறரை அங்குல அகலமும் கொண்டவை. அவற்றுடன் வந்த டயர் 205/55 ஆர்16; அதாவது அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, வீலின் விட்டம் 16 அங்குலம். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேய்ந்து, தேய்மான எல்லையைக் காட்டும் குறுக்குக் கட்டைகளை நெருங்கியதும், வீலில் கை வைக்காமல் டயரை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம் என்று 225/50 ஆர்16 அளவில், கூடுதல் பிடிமானம் தரும் பெர்ஃபார்மன்ஸ் டயர்களைப் போட்டேன். இதன் கணக்கு இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. பழைய டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ., புதியதன் விட்டம் 631 மி.மீ.; ஆகவே ஸ்பீடோமீட்டரில் பிழை வராது, மட்கார்டின் உட்புறம் உரசும் என்ற அச்சமும் பெரிதாக இல்லை.

என் மனத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது ஒரே ஒரு திருப்பம். இறக்கத்தில் இடப்பக்கமாக வளையும் சாலையில், முன்னால் சென்ற லாரியிலிருந்து அவிழ்ந்த தார்ப்பாய் பாதி வழியை அடைத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, தார்ப்பாயைத் தாண்டியவுடன் இடப்பக்கம் மீட்டேன். கை திரும்பியதற்கும் வண்டியின் மூக்கு திரும்பியதற்கும் நடுவே தெளிவாக உணரக்கூடிய ஒரு தாமதம் இருந்தது. முதலில் டயரின் பக்கச்சுவர் சாய்ந்து கொடுத்தது, அதற்குப் பிறகே பட்டன் சாலையைக் கவ்வியது. கவ்வியபின் இருந்த பிடிமானமோ பழைய டயரில் நான் கண்டிராதது. வண்டி வழுக்கவில்லை, ஒன்றிலும் மோதவில்லை. ஆயினும் மீட்டுத் திருப்பும்போது வந்த அந்தத் தாமதம் என்னை விட்டு அகலவில்லை. குறைவான பிடிமானமே கொண்டிருந்த ஸ்டாக் டயர், கை அசைந்தவுடனே அசைந்த டயர்.

அகலத்தைக் கூட்டாமல், அதே 205 அளவில் மேலான ரப்பர் கலவை கொண்ட டயருக்கு மாறியவர்கள் யாரேனும் இருந்தால், ஸ்டியரிங்கின் கூர்மை எப்படி இருந்தது என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் அளவை மாற்றவில்லை. 225/45 ஆர்17-இலிருந்து அதே 225/45 ஆர்17-க்கு மாறினேன். ஆனால் எல்லாப் பருவத்துக்குமான டயரிலிருந்து முழுமையான கோடைக்கால பெர்ஃபார்மன்ஸ் டயருக்கு மாறினேன். ஸ்டியரிங்கின் கூர்மையைக் கேட்டீர்கள்: முதல் வளைவிலேயே வேறுபாடு தெரிந்தது, நீங்கள் சொல்லும் தாமதம் எனக்கு வரவில்லை.

எனக்கு மறக்காதது வேறொன்று. குளிர்காலத்தின் தொடக்கத்தில், வேலை முடிந்து விடியற்காலையில் வண்டிகள் நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கினேன். நடை வேகத்துக்குச் சற்றே கூடுதலான வேகம். தரையில் ஈரமோ பனியோ இல்லை. கீழே வாயிற்கம்பிக்கு முன் பிரேக்கை மிதித்தபோது, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அதிர, வண்டி கம்பியின் அடி வரை நழுவிச் சென்றே நின்றது. இறங்கிப் போய் முன்டயரின் பட்டனில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்திப் பார்த்தேன். முந்தைய வாரத்தின் வெயிலில் நகத்தடம் விழுந்த ரப்பர் அது. அன்று நெகிழிக் குழாயைத் தொடுவதுபோல் இறுகி, வழவழவென்று இருந்தது.

வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது இவ்வகைக் கலவை இறுகத் தொடங்கி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றும் தன்மையை இழக்கிறது. உறைநிலைக்கும் வெகு கீழே போனால் பட்டன் கட்டைகளில் வெடிப்பே விழலாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். அத்தகைய குளிரில் நிறுத்தி வைத்த வண்டியை நகர்த்துவதே டயருக்குக் கேடு. ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத இடத்தில் ஓட்டுபவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மற்றவர்கள் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல், அது கோடைக்கால வகையா, எல்லாப் பருவ வகையா என்று கேட்டுத் தெளிந்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

அளவுநாடா எழுதியது:

மலைப்பாதை அவர்களின் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. தாமதத்துக்கு அகலமே காரணம் என்று அவர் பதிவு சொல்லாமல் சொல்கிறது. 225/50 ஆர்16 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் (டயர் அமரும் வீலின் விளிம்பு) அகலம் 6 முதல் 8 அங்குலம் வரை. டயரின் அகலத்தை அளக்கப் பயன்படும் அளவு ரிம் 7 அங்குலம். ஆறரை அங்குல ரிம்மில் அது அரை அங்குலம் ஒடுங்கி அமர்கிறது, டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. சுருங்குகிறது, பக்கச்சுவர் சற்றே வெளியே பிதுங்குகிறது. இது எல்லைக்கு உட்பட்ட நிலை. முறைகேடு ஒன்றும் இல்லை.

அவர் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. அவருடைய பழைய டயரில் பட்டன் 2 மி.மீ. மட்டுமே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, புதிய டயரில் அது ஏறத்தாழ 8 மி.மீ. உயரம் நிற்கிறது. உயரமான பட்டன் கட்டை, பக்கவாட்டு விசை வரும்போது தானே நெளிந்து கொடுக்கும். தேய்ந்த கட்டைக்கு நெளிய இடமில்லை. அதனால்தான் வறண்ட சாலையில் மொட்டையாகப் போகும் டயர் கூர்மையாகத் தோன்றுகிறது. அதே டயர் மழையில் நீரை வெளியேற்ற வழியில்லாமல் மிதக்கிறது. தேய்ந்த டயரின் நினைவோடு புதிய டயரை ஒப்பிட்டு எழுதுவது முறையான ஒப்பீடு ஆகாது. மேலும், புதிய டயரின் மேற்பரப்பில், தயாரிக்கும் வார்ப்பச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசப்பட்ட பொருளின் எச்சம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பிறகே அதன் இயல்பு தெரியும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்: 205/55 ஆர்16 அளவிலேயே நின்று, கலவையை மட்டும் உயர்த்திக்கொண்டேன். கனமழையில் தேங்கிய நீரைக் கடந்தபோது ஸ்டியரிங் ஒருகணம் எடையற்றுப் போய் மீண்டும் கைக்கு வந்தது. இன்னும் அகலமான டயராக இருந்திருந்தால் அந்த ஒருகணம் நீண்டிருக்கும் என்பது என் கருத்து. அகலம் கூடக் கூட அதே நேரத்தில் ஒதுக்க வேண்டிய நீரும் கூடுகிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்காகச் சில செய்திகள். பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் 91வி போன்ற குறியீட்டை விலைக்கு முன்னால் பாருங்கள். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எச், வி, டபிள்யூ என்பவை முறையே மணிக்கு 210, 240, 270 கிலோமீட்டர் வேகத்துக்கானவை. எடைக்குறியீடு வண்டியுடன் வந்த டயரின் அளவுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது.

டயர்களுக்கான அமெரிக்கத் தர முறையின் தேய்மான எண்ணைப் பலரும் வேதவாக்காகக் கொள்கிறார்கள். அந்தச் சோதனை டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரை ஒட்டிய சாலைகளில் 7,200 மைல் ஓட்டி நடத்தப்படுவது. ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்து, மற்றவற்றின் தேய்மானத்தை அதனோடு அளக்கிறார்கள். ஆனால் அந்த ஓட்டத்தின் முடிவிலிருந்து முழு ஆயுளை மதிப்பிட்டு எண்ணை அச்சிடுபவர் தயாரிப்பாளரே. ஆகவே ஒரே நிறுவனத்தின் 200-ஐயும் 300-ஐயும் ஒப்பிடலாம். ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொன்றின் 340-ஓடு ஒப்பிட்டு முடிவெடுப்பதில் பயனில்லை. அதே முறையில் வரும் ஏஏ, ஏ, பி, சி என்ற பிடிமானத் தரமும் ஈரத் தார்ச்சாலையிலும் ஈரக் கான்கிரீட்டிலும் நேர்கோட்டில், சக்கரம் பூட்டிய நிலையில் அளக்கப்படுகிறது. வளைவில் அந்த டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்வதில்லை. டயரின் தரங்களைக் காட்டும் ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் அதில் உள்ள ஈரப் பிடிமான எழுத்தைத் தனியாகப் பாருங்கள்.

சுற்றுச்சாலை எழுதியது:

நான் அளவைப் பற்றி எழுத வரவில்லை. நான்கும் வாங்கக் கையில் பணம் இல்லாத நிலையில் இரண்டு மட்டும் வாங்குபவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் வண்டியில் இன்ஜினின் விசை முன்சக்கரங்களுக்குப் போகிறது. முன்டயர்களே முதலில் தேய்ந்தன; டயர் மாற்றிய இடத்தில் புதிய பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் இரண்டையும் முன்னால் போட்டு, பாதி தேய்ந்த பழையவற்றைப் பின்னால் விட்டார்கள். முதல் மழையில் ஒரு ரவுண்டானாவில் நுழைந்தேன். முன்பக்கம் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த அந்தக் கணத்தில், பின்னிருக்கைக்குக் கீழே ஏதோ அவிழ்ந்துவிட்டதைப்போல் வண்டியின் வால் வெளிப்பக்கமாக வீசியது. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியில், சற்றுமுன் எனக்குப் பின்னால் இருந்த மின்கம்பம் தெரிந்தது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியதும் மின்னணு நிலைப்படுத்தியும் சேர்ந்து வண்டியை நேராக்கின.

திரும்பப் போய் அவற்றைப் பின்னால் மாற்றச் சொன்னபோது, இழுக்கும் சக்கரத்துக்குத்தான் புதிய டயர் என்று வாதிட்டார்கள். எந்தச் சக்கரம் இழுத்தாலும், பட்டன் கூடுதலாக உள்ள ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலானோரால் மீட்க முடியாது. நான் வற்புறுத்தி மாற்றிக்கொண்ட பிறகே அங்கிருந்து கிளம்பினேன்.

டார்ச்வெளிச்சம் எழுதியது:

அளவுநாடா அவர்கள் இவ்வளவு எழுதியும் தயாரிப்புத் தேதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பக்கச்சுவரில் 'DOT' என்று தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பல டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், மறுபக்கத்தில் தேதி இல்லாத பகுதி மட்டும் இருக்கும்.

தள்ளுபடியில் வாங்கிய என் டயர்களில் மூன்றில் தேதி வெளியே தெரிந்தது, நான்காவதில் தெரியவில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வைத்து, தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை உட்புறம் அடித்துப் பார்த்தேன். பிரேக் தூள் படிந்த இடத்தை விரலால் துடைக்கத் துடைக்க ஒவ்வோர் இலக்கமாகத் தெளிந்தது. மற்ற மூன்றைவிட நான்கு ஆண்டுகள் பழையது அது. விற்றவர் மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து, வீலில் ஏற்றுவதற்கு முன்பே நான்கு டயர்களின் இரு பக்கங்களையும் நின்று பார்க்கிறேன். பெர்ஃபார்மன்ஸ் டயருக்கு நாம் விலை கொடுப்பதே ரப்பரின் மென்மைக்காக, அந்த மென்மை கிடங்கிலேயே வற்றிப்போகலாம்.

மலைப்பாதை எழுதியது:

அளவுநாடா அவர்களுக்கு நன்றி. பட்டன் உயரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த டயர்கள் இப்போது புதியவை அல்ல. பட்டன் 4 மி.மீ. அளவுக்கு இறங்கிவிட்டது. நீங்கள் சொல்லும் நெளிவு குறைந்திருக்கிறது என்பதையும், நேர்ச்சாலையில் ஸ்டியரிங் முன்பைவிட இறுக்கமாக இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலம் போய் உடனே இடம் மீளும்போது வரும் தாமதம் மறையவில்லை. காற்றழுத்தத்தைச் சற்றே கூட்டியும் பார்த்தேன். தாமதம் குறைந்தது, கூடவே பள்ளங்களில் தூக்கிப் போட்டது, நடுப்பட்டன் விளிம்பைவிட வேகமாகத் தேயும் அறிகுறியும் தெரிந்தது. பழைய அழுத்தத்துக்கே திரும்பிவிட்டேன். அனுமதிக்கப்பட்ட எல்லை என்பது டயர் ரிம்மில் பாதுகாப்பாக அமரும் எல்லை. அந்த எல்லைக்குள் எல்லா அகலத்திலும் ஸ்டியரிங் ஒரேபோல் பேசும் என்று அதற்குப் பொருள் இல்லை.

வண்டியின் வீல்கள் மாறப்போவதில்லை. ஆகவே அடுத்த முறை 205/55 ஆர்16 அளவிலேயே, ஈரப் பிடிமானத்தில் முதல் தரம் பெற்ற டயரைத் தேடுகிறேன். இரவுப்பணி அவர்களே, உங்கள் அளவில் 91, 94 என்று இரண்டு எடைக்குறியீடுகள் கிடைக்கின்றனவே, நீங்கள் எதை எடுத்தீர்கள்?

இரவுப்பணி எழுதியது:

94 எக்ஸ்எல், அதாவது கூடுதல் எடை தாங்கும் வகை, எடுத்தேன். பக்கச்சுவர் வலுவாக இருப்பதால் திருப்பத்தில் அதன் பயன் தெரிகிறது. பள்ளத்தில் சற்றே கடினமாக இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: எக்ஸ்எல் டயர் தன் முழு எடையான 670 கிலோவைத் தாங்குவது 2.9 பார் அழுத்தத்தில். சாதாரண 91 டயர் தன் 615 கிலோவைத் தாங்குவது 2.5 பாரில். ஆகவே கதவுத்தூண் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் 91-க்காக எழுதப்பட்டிருந்தால், அதே எடையைத் தாங்க 94 எக்ஸ்எல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். உங்கள் அளவிலும் 91, 94 எக்ஸ்எல் இரண்டும் கிடைக்கும். எதை எடுத்தாலும் டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தை அளந்து வையுங்கள். வெளி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் இறங்கிவிடும்.